அடுப்பு என்ற தலைப்பில் முருகேஸ்வரி எழுதியது

ஆம்புலன்சுக்குள் வைத்து முருகேஸ்வரியை முதன்முதலில் அடித்தவன் ஒரு மாப்பிள்ளைத் தோழன். உச்சிப்புளிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் தொடங்கிய சண்டை. சாம்பார் வாளியால் மண்டையில் வாங்கியவனை வண்டியில் ஏற்றியிருந்தார்கள். கூடவே தொற்றிக்கொண்ட அவன் கூட்டாளி, "சீக்கிரம் கட்டுடீ" என்று கத்தியபடி அவள் கன்னத்தில் அறைந்தான். முருகேஸ்வரி கட்டுப் போடும் கையை எடுக்கவில்லை. கட்டி முடித்து முடிச்சும் போட்டுவிட்டு, திரும்பி அவன் மூக்கில் ஒரு குத்து விட்டாள். பிறகு அந்த மூக்குக்கும் பஞ்சு வைத்தாள். வண்டி ஓட்டிய ஹமீது சுல்தான் கண்ணாடியில் இதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஏத்தயில ஒரு கேசு. எறக்கயில ரெண்டு கேசா?" என்று கேட்டார்.

அப்போது அவளுக்கு முப்பதை ஒட்டிய வயது. உச்சிப்புளிக்கு வடக்கே ஒரு கண்மாய்க்கரைக் கிராமத்துக்காரி. நர்சிங் படித்துவிட்டு ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். அந்த ராமேஸ்வரம் ரோட்டில் நடக்கும் விபத்து, வெட்டு, குத்து, தீக்காயம், அரளி விதை எல்லாம் அவள் கை வழியாகத்தான் ராமநாதபுரத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போகும். ரத்தத்தைக் கண்டு அவள் பதறியதில்லை. வீட்டிலேயே பார்த்துப் பழகியதுதான்.

அவளுடைய அய்யா பொன்னுச்சாமி மிளகாய் விவசாயி. ஊருக்குள் மரியாதையான மனுசன். பஞ்சாயத்தில் அவர் பேச்சு எடுபடும். வீட்டுக்குள் வந்தால் கை நீளும். அதற்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை. குழம்பில் உப்புக் கூடியது, மழை பெய்யாதது, மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது, எதுவும் போதும். மறுநாள் குழாயடியில் வீங்கிய முகத்தோடு அம்மா, "வழுக்கி விழுந்துட்டேன்" என்பாள். கேட்டவர்கள் நம்பியதுபோலத் தலையாட்டுவார்கள்.

பத்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு மத்தியானம், அய்யா அம்மாவின் தலைமுடியைக் கையில் சுருட்டிப் பிடித்துச் சுவரில் மோதிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த முருகேஸ்வரி பையைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைக் கடித்தாள். பல் இறங்கி, வாயெல்லாம் ரத்தம் கரித்தும் விடவில்லை. அவர் உதறி எறிந்ததில் வாசற்படியில் விழுந்து அவளுக்கு ஒரு கீழ்ப்பல் போனது. அன்றைக்குப் பிறகு அவள் வீட்டிலிருக்கும்போது அம்மா மேல் அய்யா கை வைத்ததில்லை. அவள் இல்லாதபோது வைத்தார். அதனால்தான் ராமநாதபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்த காலத்திலும் சனிக்கிழமை ஆனால் ஊருக்கு பஸ் ஏறிவிடுவாள்.

அந்த விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி ஜுமானா. புதுமடத்துப் பெண். நர்சிங் முடித்ததும் கல்யாணம். மாப்பிள்ளை வசீமுக்கு கத்தாரில் வேலை. ஜுமானா ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. படிக்கும் காலத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பிளாக் தொடங்கி, கொஞ்ச நாள் கவிதை மாதிரி என்னவோ எழுதி, அப்படியே விட்டுவிட்டார்கள். வருசங்கள் கழித்து ஜுமானாதான் அதைத் தூசி தட்டினாள்.

"முருகி, ஒரு பந்தயம். வெள்ளிக்கெழம ஆனா நா ஒனக்கு ஒரு தலைப்பு தாரேன், நீ எனக்கு ஒண்ணு தா. அடுத்த வெள்ளிக்குள்ள எழுதிறணும். எழுதாதவ மத்தவ வீட்டுல வந்து நாள் பூரா மீன் ஆயணும்."

"பிளாக்கா? இந்தக் காலத்துல அத யாருடி படிக்கா?"

"அதுக்குத்தான்டி. பேஸ்புக்குல எம் மாமி இருக்காக, நாத்தனா இருக்காக. பிளாக்குல ஒரு ஈ காக்கா வராது. நிம்மதியா எழுதலாம்."

முருகேஸ்வரிக்கும் அது பிடித்திருந்தது. வேலைக்கு நடுவே, கூப்பிடும் அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தில், ரோட்டோர வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுச் செல்போனில் எழுதினாள். ஆனால் எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் அவளிடம் அது ரத்தமாகத்தான் வந்தது. ரோஜாப்பூ என்று ஜுமானா கொடுத்தாள். பூ ஏற்றிப்போன வேன் கவிழ்ந்து, பூக்கூடைகளுக்கு அடியில் டிரைவரின் காலைத் தேடி எடுத்த காலை நேரத்தை எழுதினாள் முருகேஸ்வரி.

"அல்லாவே! ரோஜாப்பூன்னு குடுத்தா அதுலயும் ஒரு ஆளக் கொண்டாந்து கெடத்துறியே!"

"நா பாக்குற ரோஜாப்பூ அங்கனதான்டி கெடக்கு."

பதிலுக்கு முருகேஸ்வரி கத்தி என்று கொடுத்தாள், அவளும் கொஞ்சம் ரத்தம் எழுதட்டும் என்று. ஜுமானாவோ நகரை மீனுக்கு எந்தக் கத்தி, சூடை மீனுக்கு ஏன் நகமே போதும் என்று எழுதிச் சிரிக்க வைத்தாள். முருகேஸ்வரி ஒரு இடத்தில் நின்று அதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, சுல்தான் பாய், "அந்தப் புள்ளையோடதுதான? வாசிச்சுக் காட்டும்மா" என்று தானும் கேட்டுச் சிரித்தார். அந்த மாதங்களில் இரண்டு பேரும் சந்தோசமாக இருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜுமானா கொடுத்த தலைப்பு அடுப்பு.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், புதுமடம் போகும் ரோட்டில் ஒரு வீட்டிலிருந்து துர்காதேவி என்ற பெண்ணை முருகேஸ்வரி வண்டியில் ஏற்றியிருந்தாள். இரண்டு உள்ளங்கையும் வெந்து தோல் உரிந்திருந்தது. புருசன் காளீஸ்வரன் ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவன். பெண்டாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவனே பதில் சொன்னான். தோசைக்கல் தவறிக் கையில் விழுந்துவிட்டதாம். தவறி விழுந்த கல் இரண்டு உள்ளங்கையையும் ஒரே அளவாகச் சுடாது. பிடித்து அழுத்தி வைத்தால்தான் அப்படிச் சுடும். முருகேஸ்வரி அவனை விட்டுவிட்டுத் துர்காவிடம் குனிந்து, "நீங்க சொல்லுங்க, என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர்" என்றாள் துர்கா.

காளீஸ்வரன் சிரித்தான். சந்தேகத்தை முருகேஸ்வரி டாக்டரிடம் சொன்னாள். போலீசும் வந்து கேட்டது. துர்கா மறுபடியும் வழுக்கித்தான் விழுந்தாள். கட்டுப்போட்ட கைகளோடு அவன் பைக்கில் ஏறி வீட்டுக்குப் போனாள்.

அடுப்பு என்ற தலைப்பைப் பார்த்ததும் முருகேஸ்வரிக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பெயரை மாற்றினாள். ஊரைத் தூத்துக்குடிப் பக்கம் கொண்டுபோய் வைத்தாள். தன் அம்மாவையும் கொஞ்சம் அந்தப் பெண்ணுக்குள் ஏற்றினாள். எழுதிக்கொண்டு போகையில் ஒரு இடம் தானாக வந்து விழுந்தது: 'அவன் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். ஊர் மீனெல்லாம் கெடாமல் காப்பாற்றுகிறவன். பெண்டாட்டி கை வெந்தபோது வைக்க அவன் வீட்டில் ஒரு துண்டு ஐஸ் இல்லை.' வெந்த புண்ணில் ஐஸ் வைக்கக் கூடாது என்பது நர்சான அவளுக்குத் தெரியும். இருந்தாலும் வரி நன்றாக வந்துவிட்டது. எடுக்க மனசில்லை.

ஜுமானா படித்துவிட்டுப் போனில் அழுதாள். "இந்தப் பந்தயத்துல நீ ஜெயிச்சிட்டடி" என்றாள். இரண்டு நாளில், எப்படியோ பிளாக்குக்குள் வந்த யாரோ அந்தப் பதிவை எடுத்து, மேலே ஒரு அழும் கண்ணின் படத்தைப் போட்டு வாட்சப்பில் விட்டார்கள். பெயர் இல்லாத பதிவு ஊர் ஊராகப் போனது. புதுமடத்துக்கு வந்தது. ஐஸ் கம்பெனிக்கும் வந்தது. கூட வேலை பார்ப்பவர்களுக்குத் துர்காவின் கைக்கட்டு தெரியும். "ஏலே காளீ, வீட்டுக்கு ஒரு துண்டு எடுத்துட்டுப் போலே" என்று ஒருவன் கேலி செய்ய, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். துர்காவின் கையைப் பார்த்துச் சந்தேகப்பட்டவள் ஆம்புலன்சில் வந்தவள்தான். அவள் யார் என்று விசாரிக்க அவனுக்கு நேரமாகவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் அழைப்பு வந்தது. அதே வீடு. பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டிருந்தார்கள். வண்டி போய் நின்றபோது தெருவில் ஆட்கள் தள்ளி நின்றார்கள். ஒருவரும் வாசலை நெருங்கவில்லை. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பெண் குரல் கத்தவில்லை, முனகியது.

"போலீசுக்குச் சொல்லியாச்சு. வரட்டும்மா, பொறு" என்றார் சுல்தான்.

"அதுக்குள்ள செத்துரும் பாய்" என்று சொல்லிக்கொண்டே முருகேஸ்வரி உள்ளே போனாள்.

வீட்டுக்குள் ஈரம். நடுவீட்டில் சாக்கின்மேல் ஒரு முழு ஐஸ் பாளம் கிடந்தது. பைக்கில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். துர்காவைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி, அவள் முகத்தை அந்தப் பாளத்தின்மேல் அழுத்திப் பிடித்திருந்தான் காளீஸ்வரன். துர்காவின் ஒரு காதில் தோடு இல்லை. காது மடல் கிழிந்து தொங்கியது. பாளத்தின் மேல் ரத்தம் ரோஸ் நிறமாக வழிந்துகொண்டிருந்தது. அவன் இன்னொரு கையில் ஐஸ் உடைக்கும் கூர்க்கம்பி.

"வாங்க எழுத்தாளரம்மா" என்றான். "ஐஸ் இல்ல ஐஸ் இல்லன்னு எழுதுனீகளே. இந்தா, வீட்டுல ஐஸ் இருக்கு. பாத்துட்டு எழுது."

"அவள விடு. எழுதுனது நானு. என்கிட்ட வா."

அவன் வந்தான். அவ்வளவு வேகமாக வருவான் என்று அவள் நினைக்கவில்லை. முகத்துக்கு வந்த கம்பியை வலது கையால் தடுத்தாள். முழங்கைக்குக் கீழே ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது. வலி உடனே வரவில்லை. கையில் ஏதோ கனம் தொங்குவதுபோல மட்டும் இருந்தது. அடுத்து அவன் கை அவள் கழுத்தைப் பிடித்தது. பின்னாலேயே ஓடிவந்த சுல்தான் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தார். வயசான மனுசன். முழங்கையால் வாங்கிய இடியில் மூக்கு உடைந்து சுவரோரம் சரிந்தார். முருகேஸ்வரிக்குக் கண் இருட்டியது. எப்போதும்போலப் பல்லைத்தான் நம்பினாள். ஆனால் கழுத்துப் பிடியில் வாய் திறக்கவில்லை.

திடீரென்று பிடி தளர்ந்தது.

துர்கா எழுந்திருந்தாள். பாளத்திலிருந்து உடைந்து கிடந்த தேங்காய்ப் பருமனான துண்டை, புண் ஆறாத இரண்டு கையாலும் தூக்கி, அவன் பின்மண்டையில் போட்டிருந்தாள். அவன் மண்டியிட்டான். மறுபடியும் தூக்கினாள், போட்டாள். அவன் ஈரத்தரையில் முகம் குப்புற விழுந்தான். மூன்றாவது முறைக்கு அவள் தூக்கியபோது உள்ளங்கைத் தோல் ஐசோடு ஒட்டி உரிந்து வந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"போதும் துர்கா! செத்துருவான்!"

"சாகட்டும்."

"செத்தா நீ உள்ள போவ. அவன் மட்டும் நிம்மதியாப் போயிருவான்."

துர்கா அவளைப் பார்த்தாள். பிறகு துண்டைக் கீழே போட்டாள். அது அவன் காதருகே விழுந்து சிதறியது.

அடுத்த ஆம்புலன்ஸ் ராமேஸ்வரத்தில் இருந்தது. காத்திருந்தால் அவன் பிழைக்க மாட்டான் என்று முருகேஸ்வரிக்குத் தெரிந்தது. மூக்கில் தோள்துண்டைக் கட்டிக்கொண்டு சுல்தான் வண்டியை எடுத்தார். உள்ளே மூன்று பேர். படுக்கையில் காளீஸ்வரன். எதிரே பலகையில் துர்கா. நடுவில் கம்பி குத்திய கையோடு முருகேஸ்வரி. கம்பியை உருவினால் ரத்தம் நிற்காது என்று அதை அப்படியே துணியால் சுற்றி வைத்திருந்தாள். இடது கையால் அவன் மண்டைக் காயத்தை அழுத்தினாள். கட்டுத்துணியின் ஒரு நுனியைப் பிடிக்கக் கை போதவில்லை.

"துர்கா, இதக் கொஞ்சம் புடிங்க."

"நா புடிக்க மாட்டேன் சிஸ்டர்."

முருகேஸ்வரி மறுபடி கேட்கவில்லை. துணி நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் சுற்றினாள். தன்னைக் குத்தியவனின் தலையை மடியில் தாங்கி, ராமநாதபுரம் வரும்வரை அவன் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தாள். இடையில் ஒரு தடவை அவன் கண்ணைத் திறந்து, "ஒங்க ரெண்டு பேரையும் கொல்லாம விடமாட்டேன்" என்றான்.  துர்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வார்டே கேட்கும்படி பொன்னுச்சாமி சத்தம் போட்டார். "எம் மகளக் குத்துனவன் எந்த வார்டுல கெடக்கான்? வெட்டாம ஊருக்குத் திரும்ப மாட்டேன். பொம்பளப் புள்ள மேல கைய வைக்கிறவன் ஒரு ஆம்பளையா?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மகளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "நீங்க என்னைய அடிக்கையில, யாரு அருவாளத் தூக்கிட்டு வந்தா?"

  பொன்னுச்சாமிக்கு அடிக்கக் கை ஓங்கிப் பழக்கமே தவிர, பதில் சொல்லிப் பழக்கமில்லை. வெளியே போய், வராண்டாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம்வரை அங்கேயே இருந்தார். அம்மா மீதிக் கஞ்சியை ஊட்டி முடித்தாள்.  

ஜுமானா வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நாந்தான்டி அந்தத் தலைப்பக் குடுத்தேன்."

"நீ அடுப்புன்னுதான் குடுத்த. ஐஸ எழுதுனது நானு."

மூன்றாம் நாள் துர்கா வந்தாள். ஒரு காதில் தையல். இரண்டு கையிலும் புதுக்கட்டு. ஜுமானா எழுந்து இடம் கொடுத்தும் அவள் உட்காரவில்லை.

"நீங்க வந்து காப்பாத்துனீக. அத நா மறக்க மாட்டேன்" என்றாள். "ஆனா ஒண்ணு கேக்கணும். எங்கதைய எழுதச் சொல்லி நா ஒங்ககிட்ட சொன்னனா?"

"இல்ல."

"நா வழுக்கி விழுந்தேன்னு சொன்னது பொய்யின்னு ஒங்களுக்குத் தெரியும். ஏன் பொய் சொன்னேன்னு தெரியுமா? அந்த வீட்ட விட்டுப் போக வழி பாத்துக்கிட்டிருந்தேன். பரமக்குடியில அக்கா ஒரு எடம் பாத்துச் சொல்லுறேன்னு சொல்லியிருந்துச்சு. அதுவரைக்கும் வாயத் தெறக்காம இருந்தா உசுரு தங்கும்னு இருந்தேன். நீங்க அழகா எழுதிட்டீக."

 ஜுமானா எதையோ சொல்ல வாயெடுத்தாள். முருகேஸ்வரி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எடுத்துருங்க சிஸ்டர்."

அங்கேயே, துர்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இடது கையால் தடுமாறி அந்தப் பதிவை அழித்தாள். அழித்து என்ன பயன்? அழும் கண்ணோடு அது இன்னும் எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது.

வேலையில் விளக்கம் கேட்டார்கள். நோயாளியைப் பற்றி வெளியில் எழுதியது தப்பு என்று அவள் ஒப்புக்கொண்டாள். சில மாதம் வண்டியில் ஏற விடவில்லை. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காமல் நின்றுவிட்டன. வீட்டில் இருந்தபடி ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து மீதி விரல்களுக்குப் பலம் ஏற்றினாள். பிளாக்கில் அவளும் எழுதவில்லை, ஜுமானாவும் எழுதவில்லை. பந்தயத்தைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஆனால் ஜுமானா வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்து, அந்த விரல்களுக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிட்டாள். படித்த நர்சிங் அதற்காவது உதவட்டும் என்றாள்.

வழக்கு கோர்ட்டுக்கு வர இரண்டு வருசம் போல ஆனது. காளீஸ்வரன் பக்கத்து வக்கீல் அந்தப் பதிவைத்தான் பிடித்துக்கொண்டார். அச்செடுத்த தாளைத் துர்காவிடம் நீட்டி, இது ஒரு கற்பனைக் கதை, இதைப் படித்துவிட்டுத்தானே நீயும் இப்படிச் சொல்கிறாய், உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டார்.

துர்கா தாளை வாங்கவில்லை. தழும்பேறிய இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் கூண்டின் விளிம்பில் வைத்தாள்.

"அந்தம்மா எழுதுனது ஒருநாள் நடந்தது சார். அதுக்கு முன்னால நடந்தது யாருக்கும் தெரியாது. நா சொல்லுறேன்."

சொன்னாள். கல்யாணமான முதல் வருசத்திலிருந்து தொடங்கினாள். வயிற்றில் மிதித்துக் கலைந்த பிள்ளையைச் சொன்னாள். கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டதைச் சொன்னாள். குரல் உயரவில்லை. வக்கீல் நடுவில் எழுந்தபோது நீதிபதி அவரை உட்காரச் சொன்னார். பின்வரிசையில் ஜுமானா முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். முருகேஸ்வரி மூடிக்கொள்ளவில்லை. தன்னுடைய அந்த வரி எவ்வளவு சின்னது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளும் சுல்தானும் சாட்சி சொன்னார்கள். காளீஸ்வரனுக்கு ஏழு வருசம் தண்டனை விழுந்தது.

வெளியே வந்ததும் முருகேஸ்வரி பேசப் போனாள். துர்கா தலையை மட்டும் அசைத்துவிட்டு, அக்காவோடு பரமக்குடி பஸ்சில் ஏறினாள். அங்கே ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். போன் நம்பர் கொடுக்கவில்லை. முருகேஸ்வரியும் கேட்கவில்லை.

இப்போது முருகேஸ்வரி மறுபடியும் வண்டியில்தான் இருக்கிறாள். அடிபட்ட பெண்ணை ஏற்றினால் கூட வரும் புருசனைப் பின்னால் ஏற விடுவதில்லை. முன்னால் சுல்தான் பாய் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவாள். ஏறியே தீருவேன் என்று மல்லுக்கு நின்றவர்களில் ஒன்றிரண்டு பேர் அவளிடம் அடியும் வாங்கியிருக்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டுக் கேட்பாள். பெரும்பாலும் எல்லாரும் வழுக்கித்தான் விழுந்திருப்பார்கள். அவள் வற்புறுத்துவதில்லை. போக இடமிருக்கிறதா என்று மட்டும் கேட்பாள். தெரிந்த இடங்களைச் சொல்லுவாள்.

போன மாசம் ஒரு பெண். விலா எலும்பு முறிந்து மூச்சு வாங்க முடியவில்லை. முன்னால் இருந்த புருசன் திரும்பித் திரும்பிக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான். முருகேஸ்வரி ஆக்சிஜனை மாட்டிவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டாள். அந்தப் பெண் அவளுடைய மடங்காத விரல்களையும் கையிலிருந்த தழும்பையும் பார்த்தாள். ஊரில் பேசிக்கொள்வது இவளைத்தான் என்று புரிந்துவிட்டது.

"சொன்னா எழுதிருவீகளா?"

"மாட்டேன்."

"யாருக்கிட்டயும் சொல்ல மாட்டீகளே?"

"நீங்க யாருகிட்டச் சொல்லச் சொல்லுறீகளோ அவுககிட்ட மட்டும் சொல்லுவேன்."

வண்டி பள்ளத்தில் விழுந்து எழுந்தது. அந்தப் பெண் வலியில் பல்லைக் கடித்தாள். பிறகு மெல்லப் புரண்டு, சேலையை விலக்கி முதுகைக் காட்டினாள்.